எக்செல் கணக்கு இடறும் இடங்கள்: அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைகளிலும், ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளிலும், ஏற்காட்டுக் காபித் தோட்டங்களிலும் கணக்கு எழுதுகிறவர்களுக்குப் பல ஆண்டுகளாக எக்செல் கற்றுக்கொடுத்து வருகிறேன். பாடம் நடத்திய நேரத்தைவிட, படித்து முடித்தவர்கள் கொண்டுவந்த கோப்புகளில் பிழை தேடிய நேரமே அதிகம். தொழிலுக்குத் தொழில் கணக்கு மாறினாலும் பிழை மாறுவதில்லை. பெரும்பாலான கோப்புகளில் ஃபார்முலா சரியாகவே இருக்கும். செல்லுக்குள் இருப்பதுதான் கண்ணுக்குத் தெரிவதிலிருந்து வேறாக இருக்கும். ஆகவே எந்த அறிகுறியானாலும் முதலில் கோப்புக்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள். பிறகு சந்தேகத்துக்குரிய செல்லின் மேல் சொடுக்கி, மேலேயுள்ள ஃபார்முலா பாரில் என்ன தெரிகிறது என்று பாருங்கள்.

இங்கே செல் பெயர்களையும் ஃபார்முலாக்களையும் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். எக்செல், கூகுள் ஷீட்ஸ் இரண்டுக்கும் பெரும்பாலும் இவை பொருந்தும்.

## அறிகுறி 1: கூட்டுத்தொகை பூஜ்யமாக வருகிறது, அல்லது கைக்கணக்கைவிடக் குறைகிறது

கூட்டும் எல்லை முழுமையாக இருக்கிறதா? கூட்டுத்தொகைச் செல்லை இருமுறை சொடுக்கினால், அது கூட்டும் பகுதியைச் சுற்றி வண்ணக் கோடு தெரியும். =சம்(சி2:சி41) என்று எழுதிய பிறகு 42ஆம் வரிசையைப் புதிதாகச் சேர்த்திருந்தால், சில நேரம் எக்செல் தானாகவே எல்லையை நீட்டிக்கொள்ளும், சில நேரம் நீட்டாது. அதை நம்பியிராமல் கோட்டை இழுத்துக் கடைசி வரிசையையும் உள்ளே கொண்டுவாருங்கள்.

எல்லை சரி, ஆனாலும் குறைகிறது. அப்படியானால் எண் போலத் தோன்றும் எழுத்து எங்கோ இருக்கிறது. வேறு யாரும் ஒழுங்குபடுத்தாத செல்லில் எண் வலது ஓரமாகவும் எழுத்து இடது ஓரமாகவும் ஒட்டிக்கொள்ளும் என்பதால், நெடுவரிசையை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தாலே பல இடங்கள் பிடிபடும். உறுதி செய்ய, =கவுண்ட்(சி2:சி41) என்று ஒரு செல்லிலும் =கவுண்ட்ஏ(சி2:சி41) என்று இன்னொரு செல்லிலும் எழுதுங்கள். முன்னது எண்களை மட்டும் எண்ணும். பின்னது காலியாக இல்லாத எல்லாவற்றையும் எண்ணும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் எழுத்தாக மாறிப்போன செல்களின் எண்ணிக்கை.

இதற்கு நான் அடிக்கடி காணும் காரணம் அலகு. தோட்டத்தில் பழம் பறித்த எடையை எழுதும்போது 38 என்று எழுதாமல் "38 கிலோ" என்று எழுதிவிடுகிறார்கள்; அந்தச் செல் அப்போதே எழுத்தாகிவிடுகிறது. அலகின் இடம் நெடுவரிசையின் தலைப்பு. அடுத்த காரணம் வாட்ஸ்அப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது எண்ணோடு சேர்ந்து வரும் இடைவெளி. அதற்கடுத்தது பழைய தட்டச்சுப் பழக்கத்தில் பூஜ்யத்துக்குப் பதிலாக ஆங்கில ஓ எழுத்தைத் தட்டுவது. தட்டச்சு நன்றாகத் தெரிந்தவர்களிடம்தான் இதைக் கண்டிருக்கிறேன்.

கூட்டல் குறி போட்டால் சரியாக வருகிறது, சம் போட்டால் வரவில்லை. இது மிகத் தெளிவான அறிகுறி. =சி2+சி3 என்று எழுதும்போது, எழுத்தாக இருக்கும் 250ஐ எக்செல் முயன்று எண்ணாக மாற்றிக்கொள்கிறது; சம் அப்படிச் செய்யாமல், எழுத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. ஒவ்வொரு செல்லாகக் கூட்டல் குறியால் சேர்த்துச் சமாளிப்பவர்களும் உண்டு. அது நோயை விட்டுவிட்டு வலிக்கு மட்டும் மருந்து போடுவது; நெடுவரிசையைச் சரிசெய்வதே முறை.

நம்பர் ஃபார்மேட்டுக்கு மாற்றியும் கூடவில்லை. எக்செலில் ஃபார்மேட்டை மாற்றுவது செல்லின் தோற்றத்தை மட்டுமே தொடும்; ஏற்கெனவே எழுத்தாக உள்ளே போனது எழுத்தாகவே இருக்கும். செல்லின் மூலையில் பச்சை முக்கோணம் தெரிந்தால், பக்கத்தில் வரும் மஞ்சள் குறியைச் சொடுக்கி "கன்வர்ட் டு நம்பர்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். முக்கோணம் இல்லையென்றால், நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, டேட்டா பட்டியலில் "டெக்ஸ்ட் டு காலம்ஸ்" திறந்து, வேறெதையும் மாற்றாமல் ஃபினிஷ் அழுத்துங்கள். அதற்கும் அசையாவிட்டால் பெரும்பாலும் இணையப் பக்கத்திலிருந்து வந்த வேறுவகை இடைவெளி உள்ளே இருக்கும். வேண்டாத இடைவெளியை நீக்கும் ட்ரிம் ஃபார்முலாகூட அதை அகற்றாது. ஃபார்முலா பாரில் அந்த இடைவெளியை மட்டும் தேர்ந்தெடுத்து நகலெடுத்து, ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் பெட்டியில் தேடும் இடத்தில் ஒட்டி, மாற்றும் இடத்தைக் காலியாக விட்டு எல்லாவற்றையும் ஒரே தடவையில் நீக்குங்கள்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: மாதாமாதம் பில்லிங் மென்பொருளிலிருந்து எடுக்கும் கோப்பு இப்படியே வருகிறதென்றால், ஆயிரம் வரிசைகளை மாதந்தோறும் திருத்தாதீர்கள். மென்பொருள் கொடுத்தவரையே அழைத்து, கோப்பு எடுக்கும் இடத்தில் சரிசெய்து தரச் சொல்லுங்கள்.

## அறிகுறி 2: தேதிகள் வரிசைக்கு வரவில்லை

தேதிக்குப் பதில் 45761 போன்ற எண் தெரிகிறது. கவலைப்பட ஒன்றுமில்லை. எக்செல் தேதியை எண்ணாகவே வைத்திருக்கிறது. 45761 என்பது 2025 சித்திரை முதல் நாளான ஏப்ரல் 14. ஃபார்மேட்டை டேட் என்று மாற்றினால் போதும்.

புள்ளி வைத்து எழுதிய தேதி. காகிதத்தில் 14.04.2025 என்று எழுதுவது நம் வழக்கம். எக்செலில் அது பெரும்பாலும் எழுத்தாகவே நின்றுவிடும். கோடு அல்லது சாய்கோடு இட்டு எழுதுங்கள். முன்பே எழுதியவற்றில், நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து "டெக்ஸ்ட் டு காலம்ஸ்" வழியாக மூன்றாவது படிக்குப் போய், டேட் என்பதில் நாள், மாதம், ஆண்டு வரிசையைத் தேர்ந்தெடுத்தால் தேதியாக மாறிவிடும்.

12ஆம் தேதி வரை வலப்பக்கம், 13ஆம் தேதியிலிருந்து இடப்பக்கம். இந்தக் கட்டுரையில் நான் மிகவும் அஞ்சும் பிழை இதுதான். கணினி அமெரிக்க முறையில் அமைக்கப்பட்டிருக்கிறது. அது மாதத்தை முதலில் படிக்கிறது. 13/04/2025 என்று எழுதினால் 13ஆம் மாதம் என்று ஒன்று இல்லாததால் அதை எழுத்தாக விட்டுவிடுகிறது. அது தெரிந்த பிழை. இடப்பக்கம் ஒட்டி நின்று தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். 05/04/2025 என்று எழுதியதோ மே 4 ஆகி, முறையான தேதிபோல வலப்பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்திருக்கும். ஏப்ரல் செக்ரோலில், அதாவது தோட்டத்து ஆள்வருகைப் பதிவேட்டில், எழுதிய ஆள்கணக்கு மே மாதத்துக்குப் போய்விடும். ஏப்ரல் கூலி குறைந்தது ஏன் என்று யாருக்கும் விளங்காது.

சரிபார்க்க, தேதி நெடுவரிசையின் ஃபார்மேட்டை மாதப் பெயர் முழுதாகத் தெரியும்படி மாற்றுங்கள். ஏப்ரல் தாளில் மே, ஜூன், ஜூலை என்று வந்தால் உண்மை வெளியே வந்துவிடும். அடுத்து, விண்டோஸில் ரீஜியன் என்பதை இங்கிலீஷ் இந்தியா என்று மாற்றுங்கள். கூகுள் ஷீட்ஸில் ஃபைல் பட்டியலில் செட்டிங்ஸ் திறந்து லொகேல் என்பதை இந்தியா ஆக்குங்கள். இனி எழுதுவது சரியாகும். முன்பே மாறிப்போனது தானாகத் திரும்பாது. இடப்பக்கம் நிற்பவற்றை மேலே சொன்ன "டெக்ஸ்ட் டு காலம்ஸ்" வழியில் மாற்றலாம். வலப்பக்கம் நின்று மாறிப்போனவற்றுக்கு மட்டும் பக்கத்துச் செல்லில் =டேட்(இயர்(ஏ2),டே(ஏ2),மந்த்(ஏ2)) என்று எழுதினால் நாளும் மாதமும் இடம் மாறிவிடும். முதலில் இந்த ஃபார்முலாவைப் போட்டு முடித்து, பிறகே மற்றவற்றைத் தொடுங்கள். இரண்டையும் கலந்தால் எது திருந்தியது, எது திருந்தாதது என்று பிரிக்க முடியாமல் போகும்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: ஒரே கோப்பில் இரண்டு கணினிகளிலிருந்து எழுதியிருந்து, ஒன்று இந்திய முறையிலும் மற்றொன்று அமெரிக்க முறையிலும் இருந்திருந்தால், எந்த ஃபார்முலாவாலும் பிரிக்க இயலாது. காகிதச் செக்ரோலை எடுத்துக்கொண்டு, அதை எழுதிய கணக்குப்பிள்ளையோடு உட்கார்ந்து சரிபார்ப்பது ஒன்றே வழி. வருங்கால வைப்புநிதிக்கோ வரிக்கோ அந்தக் கோப்பிலிருந்து எண்கள் போயிருந்தால் ஆடிட்டரிடமும் சொல்லிவிடுங்கள்.

கதவு எண் தேதியாகிவிட்டது. 4/12 என்ற கதவு எண்ணை எழுதினால் அது டிசம்பரில் ஒரு நாளாகிவிடும். அந்த நெடுவரிசையை எழுதத் தொடங்கும் முன்பே டெக்ஸ்ட் ஃபார்மேட்டுக்கு மாற்றுங்கள். பின்னால் மாற்றினால் 4/12 திரும்பி வராது, ஐந்து இலக்க எண்தான் வரும்.

## அறிகுறி 3: முதல் வரிசையில் சரியான விடை, கீழே இழுத்தால் பூஜ்யம்

மரவள்ளிக் கிழங்குக்கு மாவுச்சத்துப் பாயிண்ட் பார்த்து விலை போடுவது நம் பகுதி ஆலைகளின் முறை. சி நெடுவரிசையில் டன், டி நெடுவரிசையில் பாயிண்ட், ஹெச்1 செல்லில் அன்றைய பாயிண்ட் விலை என்று வைத்துக்கொள்வோம். 6.5 டன், 26 பாயிண்ட், பாயிண்டுக்கு 350 ரூபாய் என்றால் =சி2*டி2*ஹெச்1 என்பது 59,150 தரும். இதைக் கீழே இழுத்தால் அடுத்த வரிசையில் =சி3*டி3*ஹெச்2 என்று ஆகும். டன்னும் பாயிண்டும் ஒரு வரிசை இறங்கியதுபோல விலைச் செல்லும் ஒரு வரிசை இறங்கிவிட்டது. ஹெச்2 காலியாக இருப்பதால் விடை பூஜ்யம். அங்கே ஏதாவது எழுத்து இருந்தால் #வேல்யூ! வரும்.

இறங்கக் கூடாத செல்லுக்கு டாலர் குறி இடுங்கள்: =சி2*டி2*$ஹெச்$1. ஃபார்முலாவில் ஹெச்1 என்ற இடத்தில் நின்று எஃப்4 விசையை அழுத்தினால் குறி தானாக விழும். பல மடிக்கணினிகளில் எஃப்என் விசையோடு சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். கைப்பேசியில் டாலர் குறியைக் கையால்தான் தட்ட வேண்டும். ஒருமுறை அழுத்தினால் நெடுவரிசை, வரிசை இரண்டும் பூட்டப்படும். மேலும் அழுத்த அழுத்த, வரிசை மட்டும், நெடுவரிசை மட்டும், எதுவுமில்லை என்று மாறிக்கொண்டே வரும்.

டாலர் குறி போட்டாயிற்று, நேற்றைய பில் தொகை இன்று மாறிவிட்டது. பாடப்புத்தகங்கள் டாலர் குறியோடு நிறுத்திவிடுகின்றன. தொழில் நடத்துகிறவருக்கு அது போதாது. பாயிண்ட் விலையோ வெள்ளி விலையோ நாளுக்கு நாள் மாறுவது. எல்லா வரிசைகளும் ஹெச்1ஐயே பார்த்துக்கொண்டிருக்கும்போது, இன்று அங்கே 360 என்று மாற்றினால் போன வாரம் வந்த லாரிகளின் தொகையும் சேர்ந்து மாறிவிடும். விவசாயிக்குக் கொடுத்த தொகை ஒன்று, கோப்பில் நிற்பது இன்னொன்று என்றாகும். ஆண்டு முழுதும் மாறாத விகிதத்துக்கு மட்டும் ஒரே செல்லும் டாலர் குறியும் போதும். நாள்தோறும் மாறுவதற்கு ஒவ்வொரு வரிசையிலும் விலைக்கென்று ஒரு நெடுவரிசை வையுங்கள். அன்றைய விலையை அன்றே அங்கே எழுதுங்கள். எழுத்து வேலை சற்றுக் கூடும். ஆனால் ஓராண்டு கழித்துக் கேட்டாலும் எந்த லாரிக்கு எந்த விலை போட்டோம் என்று காட்ட முடியும்.

## அறிகுறி 4: தொலைபேசி, ஆதார், வங்கிக் கணக்கு எண்கள் சிதைகின்றன

முன்னால் உள்ள பூஜ்யம் காணவில்லை. 0427 என்ற சேலம் குறியீடு 427 ஆகிறது. ஏற்காட்டின் 04281 என்பது 4281 ஆகிறது. எண்ணுக்கு முன் வரும் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை என்று எக்செல் எடுத்துக்கொள்கிறது. நெடுவரிசையை முன்கூட்டியே டெக்ஸ்ட் ஆக்குங்கள், அல்லது எண்ணுக்கு முன் ஒற்றை மேற்கோள் குறி இடுங்கள்.

ஆதார் எண் 2.34568ஈ+11 என்பதுபோலத் தெரிகிறது. 12 இலக்கங்களும் உள்ளே அப்படியே இருக்கின்றன. நம்பர் ஃபார்மேட்டில் தசம இடத்தைப் பூஜ்யமாக்கினால் தெரிந்துவிடும்.

வங்கிக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிட்டது. இது மேலே சொன்னது போன்றதல்ல. இங்கே இலக்கம் உண்மையிலேயே அழிந்துவிட்டது. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே காக்கும். 16 இலக்கக் கணக்கு எண்ணை எண்ணாகத் தட்டினால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். பிறகு டெக்ஸ்ட் ஆக்கினாலும் திரும்பாது. பாஸ்புக்கைப் பார்த்து மீண்டும் எழுதுவதைத் தவிர வேறு வழி கிடையாது. கூலியை வங்கி வழியாக அனுப்புகிறவர்கள், கோப்பை வங்கிக்கு அனுப்பும் முன் பூஜ்யத்தில் முடியும் கணக்கு எண்களை ஒவ்வொன்றாகப் பாஸ்புக் நகலோடு ஒப்பிடுங்கள். ஒருவர் கூலி இன்னொருவர் கணக்குக்குப் போனால் திரும்பப் பெறுவது எளிதல்ல. 11 எழுத்துள்ள ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் ஐந்தாவது எப்போதும் பூஜ்யம்தான், ஓ எழுத்தல்ல என்பதையும் கூடவே பார்த்துவிடுங்கள்.

தட்டும்போது சரியாக இருந்தது, சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பை) திறந்ததும் கெட்டது. சிஎஸ்வி கோப்பை இருமுறை சொடுக்கித் திறக்காதீர்கள். எக்செலில் டேட்டா பட்டியல் வழியாக உள்ளே கொண்டுவந்து, அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று குறித்துவிட்டு ஏற்றுங்கள். இருமுறை சொடுக்கித் திறந்து சேமித்தும் விட்டீர்களென்றால், கோப்பை அனுப்பியவரிடமே மறுபடி கேளுங்கள்.

## அறிகுறி 5: செல் முழுதும் ######

நெடுவரிசையின் அகலம் போதவில்லை. தலைப்பின் வலது எல்லையை இருமுறை சொடுக்குங்கள். அகலப்படுத்தியும் போகவில்லையென்றால், தேதியிலிருந்து தேதியைக் கழிக்கும்போது விடை எதிர்மறையாகியிருக்கும். இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள்.

## அறிகுறி 6: வேலை நேரம் பெருக்கினால் கூலி மிகவும் குறைகிறது

விசைத்தறிக் கூடத்தில் 8:00 மணி நேரத்தை மணிக்கு 60 ரூபாயால் பெருக்கினால் 480க்குப் பதில் 20 வரும். எக்செலுக்கு நேரம் என்பது ஒரு நாளின் பங்கு. 8 மணி என்பது மூன்றில் ஒன்று. ஆகவே 24ஆலும் சேர்த்துப் பெருக்குங்கள். மொத்த நேரம் 26 மணி என்பது 2:00 என்று தெரிந்தால், டைம் ஃபார்மேட்டில் 37:30:55 என்ற மாதிரியைத் தேர்ந்தெடுங்கள்.

## அறிகுறி 7: # குறியோடு ஏதோ சொல்கிறது

#நேம்? என்றால் ஃபார்முலாவின் பெயரில் எழுத்துப் பிழை, அல்லது எழுத்தைச் சுற்றி இரட்டை மேற்கோள் குறி இல்லை. #டிவ்/0! என்றால் வகுக்கும் செல் காலி, அல்லது அதில் பூஜ்யம். #வேல்யூ! வந்தால் முதல் அறிகுறிக்குத் திரும்பிப் போங்கள். எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து இருக்கிறது.

#ரெஃப்! ஃபார்முலா பார்த்துக்கொண்டிருந்த செல்லே இல்லாமல் போய்விட்டது. வரிசையையோ நெடுவரிசையையோ நீக்கியிருப்பீர்கள், அல்லது வேறொரு செல்லை வெட்டிக் கொண்டுவந்து அதன் மேல் ஒட்டியிருப்பீர்கள். உடனே கன்ட்ரோல், இசட் அழுத்துங்கள். கோப்பை மூடித் திறந்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். பழைய நகலைத் திறந்து, ஃபார்முலா முன்பு எதைப் பார்த்தது என்று அறிந்து திருத்த வேண்டும். வேண்டாத வரிசையை நீக்குவதைவிட மறைத்து வைப்பது நல்லது.

#என்/ஏ பெரும்பாலும், பட்டியலில் ஒன்றைத் தேடி அதற்கு நேரே உள்ளதை எடுத்துத் தரும் விலுக்அப் ஃபார்முலாவில் வரும். லீ பஜார் மண்டியின் பார்ட்டி பெயரைக் கொண்டு பாக்கித் தொகையைத் தேடும்போது, பெயர் கண்ணெதிரே இருக்கும், எக்செல் இல்லை என்னும். பெயரின் கடைசியில் இடைவெளி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஃபார்முலாவைக் கீழே இழுத்திருந்தால், தேடும் பட்டியலுக்கு டாலர் குறி இருக்கிறதா என்று அடுத்துப் பாருங்கள். தமிழ்ப் பெயரானால் இன்னொன்றும் உண்டு: ஸ்ரீ என்ற எழுத்தை ஸகரம் கொண்டும் எழுதலாம், அரிதாக வழங்கும் ஶகரம் கொண்டும் எழுதலாம், பல எழுத்துருக்களில் இரண்டும் பார்வைக்கு ஒன்றாகவே தெரியும், கணினிக்கு இரண்டும் வேறு. ஒரு செல்லில் =ஏ2=ஜே5 என்று எழுதி இரண்டு பெயர்களையும் ஒப்பிட்டால் ஃபால்ஸ் என்று வருவதே சான்று. ஒருவர் யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவிலும் மற்றவர் யூனிகோடிலும் தட்டியிருந்தாலும் பெயர்கள் பொருந்தாது. பெயரை விட்டுவிட்டு, ஒவ்வொரு பார்ட்டிக்கும் ஓர் எண் கொடுத்து அதைக்கொண்டு தேடுங்கள் என்பதே நான் எல்லாருக்கும் சொல்வது.

விலுக்அப் பிழை காட்டாமல் தவறான தொகையைத் தருகிறதென்றால், ஃபார்முலாவின் கடைசியில் பூஜ்யம் விடுபட்டிருக்கிறது. அது இல்லாவிட்டால் பட்டியல் அகரவரிசையில் இருப்பதாக எண்ணிக்கொண்டு, நெருக்கமான ஒன்றை எடுத்துத் தந்துவிடும்.

## அறிகுறி 8: விடைக்குப் பதில் ஃபார்முலாவே தெரிகிறது, அல்லது விடை மாறவில்லை

தாள் முழுதும் ஃபார்முலா தெரிந்தால், ஃபார்முலாஸ் பட்டியலில் "ஷோ ஃபார்முலாஸ்" அழுத்தப்பட்டிருக்கிறது, அதை விலக்குங்கள். ஒரு செல்லில் மட்டும் என்றால் அது டெக்ஸ்ட் ஃபார்மேட்டில் இருக்கிறது. ஜெனரல் ஆக்கி, எஃப்2 அழுத்தி, என்டர் தட்டுங்கள். எண்ணை மாற்றியும் விடை மாறவில்லையென்றால் கால்குலேஷன் ஆப்ஷன்ஸில் மேனுவல் என்றிருக்கும், ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள்.

## அறிகுறி 9: பில்லில் ஒரு ரூபாய் உதைக்கிறது

மூன்று வரிகளில் 100.40 வீதம் இருந்து, பைசா தெரியாதபடி ஃபார்மேட் செய்திருந்தால், தாளில் 100, 100, 100 என்றும் மொத்தம் 301 என்றும் அச்சாகும். கொலுசு எடையை மூன்று தசம இடம் வரை எழுதி விலையால் பெருக்கும் பட்டறைகளில் இது ஓயாத தகராறு. தோற்றத்தை மாற்றாமல் தொகையையே =ரவுண்ட்(பி2*சி2,0) என்று முழுமையாக்குங்கள். வரிக்கு வரி முழுமையாக்குவதா, மொத்தத்தில் மட்டுமா என்பதை நீங்களாக முடிவு செய்யாமல் உங்கள் ஆடிட்டரிடம் கேட்டு, எல்லாப் பில்லிலும் அதையே பின்பற்றுங்கள்.

## அறிகுறி 10: வரிசைப்படுத்தியதும் ஒருவர் கூலி இன்னொருவர் பெயருக்கு நேரே நிற்கிறது

பெயர் நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தியதால் வருவது இது. பக்கத்தில் தரவு இருந்தால் எக்செல் "எக்ஸ்பேண்ட் த செலக்ஷன்" என்று கேட்கும். அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். அழகுக்காக நடுவில் ஒரு நெடுவரிசையைக் காலியாக விட்டிருந்தால் கேட்காமலே பிரித்துவிடும். ஆகவே பட்டியலின் நடுவே காலி நெடுவரிசை விடாதீர்கள். முதல் நெடுவரிசையில் 1, 2, 3 என்று வரிசை எண்ணை எழுதி வையுங்கள். பட்டியலை முழுதாகத் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்திய பிறகு பழைய ஒழுங்கு வேண்டுமென்றால், அந்த எண்ணைக்கொண்டு திரும்பலாம்.

தவறு நேர்ந்த உடனே தெரிந்தால் கன்ட்ரோல், இசட். சேமித்து மூடிவிட்டால், கூகுள் ஷீட்ஸில் ஃபைல் பட்டியலில் உள்ள வெர்ஷன் ஹிஸ்டரியைத் திறந்து, நேற்றைய நிலைக்குத் திரும்புங்கள்; எக்செல் கோப்பு ஒன்ட்ரைவில் இருந்தாலும் அந்த வசதி உண்டு. கணினியில் மட்டுமே இருந்து, நகலும் இல்லாமல், அதன் மேல் இரண்டு நாள் புதிய கணக்கும் எழுதிவிட்டீர்களென்றால், மேற்கொண்டு எதையும் தொடாமல் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். அவரிடம் போகும்போது கோப்பை இருக்கும் நிலையிலேயே பென்டிரைவில் எடுத்துச் செல்லுங்கள்; நீங்கள் திருத்திப் பார்த்த கோப்பைத் தனியாக வையுங்கள். கடைசியாகச் சரியாக அச்சிட்ட கூலிப் பட்டியல் ஒன்று இருந்தால் அதையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்; எந்தப் பெயருக்கு எந்தத் தொகை என்பதை அந்தத் தாளைக்கொண்டுதான் மீண்டும் பொருத்த முடியும்.